நம் மாரியோ ஏன் மெதுவாக ஓடினான்?

கொச்சியின் கலூர் மெட்ரோ நிலையத்தைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில், நாற்பதைத் தாண்டிய அப்பாக்களிடம் இப்போது ஒரு பழக்கம். பிள்ளைக்கு என்று சொல்லி, டிவியின் பின்னால் செருகும் கேம் ஸ்டிக் ஒன்றை வாங்குகிறார்கள். பிள்ளை பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கைபேசிக்குத் திரும்பிவிடுகிறது. அப்பா மட்டும் சூப்பர் மாரியோ பிரதர்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்கிறார். கொஞ்ச நேரத்தில் அவரிடமிருந்து வரும் புகார் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறது. சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் இப்போது மூன்று உயிரும் போகிறது, மாரியோ தறிகெட்டு ஓடுகிறான், பாட்டுகூட அவசரப்படுகிறது. வயதாகிவிட்டது என்று தீர்ப்பையும் அவரே சொல்லிக்கொள்கிறார்.

வயதுக்கு அதில் பங்கே இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் பழி முழுவதையும் அதன் தலையில் போட வேண்டியதில்லை. அவர் சிறுவனாக ஆட்டிவைத்த மாரியோ நிஜமாகவே மெதுவாகத்தான் ஓடினான். இன்று ஸ்டிக்கில் ஓடுகிறவன் அவனைவிட ஐந்தில் ஒரு பங்கு வேகமானவன். நினைவு செய்யும் மயக்கமில்லை இது; கணக்குப் போட்டே காட்டிவிடலாம்.

முதலில், நாம் எதில் ஆடினோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நின்டெண்டோ நிறுவனம் ஃபாமிகாம் என்ற கருவியை 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்து, கோஜி கோண்டோ இசையமைத்த மாரியோ, அந்தக் கருவிக்கு 1985 செப்டம்பர் 13 அன்று வந்தது. அந்த அசல் கருவியைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் பக்கம் குறைவு. 1990களில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை தைவானிலும் பிறகு சீனாவிலும் செய்த நகல் கருவிகள். மைக்ரோ ஜீனியஸ், சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும். கொச்சியில் கல்ஃபிலிருந்து லீவுக்கு வந்த மாமாவின் பெட்டிக்குள் அது இருந்திருக்கும்; சென்னையில் பர்மா பஜாரில் வாங்கியதாக இருக்கும். பெயர் எதுவானாலும் செருகுகிற கேசட் ஒன்றுதான்: ஜப்பான் ஃபாமிகாமின் அதே 60 பின் கேசட். ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் சின்னப் பெட்டியை மாட்டி, டிவியில் சேனலைத் திருகித் திருகிப் படம் பிடித்த நினைவு பலருக்கும் இருக்கும்.

அந்த டிவியில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கும் முன்னால், சுவரில் உள்ள மின்சாரத்தில்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. அமெரிக்காவில் 60. தொலைக்காட்சி பிறந்த காலத்தில், திரை புதுப்பிக்கப்படும் வேகம் மின்சாரத்தின் வேகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தின் மேல் பட்டை பட்டையாக நெளிவு ஓடும். அதனால் 60 சுற்று மின்சாரம் உள்ள அமெரிக்கா நொடிக்கு 60 முறை திரையை வரையும் முறையை எடுத்துக்கொண்டது. 50 சுற்று உள்ள ஐரோப்பா 50 முறை வரையும் முறையை எடுத்துக்கொண்டது. 1982-ல் வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது இந்தியா தேர்ந்தெடுத்ததும் 50 வரும் பால் (PAL) முறையைத்தான். கல்ஃப் நாடுகள் பலவற்றிலும் அதே முறை. ஜப்பான் கதை வேடிக்கையானது. தொடக்கத்தில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் மின்னாக்கிகளை வாங்கிவிட்டதால், அந்த நாட்டின் கிழக்கில் இன்றும் 50, மேற்கில் 60. ஆனால் டிவி மட்டும் நாடு முழுக்க அமெரிக்க முறை. ஆகவே மாரியோ பிறந்தது நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரைக்காக.

திரை எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டால் என்ன, படம் கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ மினுக்கும், அவ்வளவுதானே என்று கேட்கலாம். சினிமாவுக்கு அது பொருந்தும். அந்தக் கால வீடியோ கேமுக்குப் பொருந்தாது. ஃபாமிகாமுக்கு நிரல் எழுதியவர்கள் நொடியைப் பார்த்து எழுதவில்லை, திரையை எண்ணி எழுதினார்கள். திரை ஒருமுறை வரைந்து முடிந்ததும் நிரல் விழிக்கும்; எந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது என்று பார்க்கும்; மாரியோவை ஓரடி நகர்த்தும்; ஆமைகளை நகர்த்தும்; பாட்டில் ஒரு துளி வாசிக்கும்; நேரத்தைக் குறைக்கலாமா என்று பார்க்கும்; மறுபடி அடுத்த திரைக்காகக் காத்திருக்கும். விளையாட்டுக்குள் காலம் என்று தனியாக எதுவும் கிடையாது. திரைகளின் எண்ணிக்கைதான் அதன் காலம். நொடிக்கு 60 திரை வந்தால் 60 அடி. 50 வந்தால் 50 அடி.

முழு வேகத்தில் ஓடும் மாரியோ ஒரு திரைக்கு 2.5 புள்ளி (பிக்சல்) நகர்கிறான். 60-ல் அது நொடிக்கு 150 புள்ளி, 50-ல் 125. திரையின் அகலம் 256 புள்ளி. ஜப்பான் பையனின் மாரியோ ஒரு திரை அகலத்தை 1.7 நொடியில் கடந்தான். நம் மாரியோவுக்கு 2 நொடிக்கு மேல் ஆயிற்று. குழியின் விளிம்பில் கால் வைத்துத் தாவும் அந்தக் கணத்தில் இந்த வித்தியாசம் பெரிய சலுகை.

இதை ஏன் அப்போது யாரும் கண்டுபிடிக்கவில்லை? விளையாட்டுக்குள் இருக்கும் கடிகாரமும் சேர்ந்து மெதுவானதுதான் காரணம். முதல் ஸ்டேஜில் மேலே 400 என்று தொடங்கும் நேரம், 24 திரைக்கு ஒருமுறை ஒன்று குறைகிறது. 400 முடிய 9,600 திரை வேண்டும். ஜப்பானில் அது 160 நொடி. நம் டிவியில் 192 நொடி. அரை நிமிடம் அதிகம் கிடைத்தது, ஆனால் எண் அதே 400 என்பதால் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. கையில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆடியவர் யார்?

நகல் கருவிகளின் உள்ளே இருந்த சில்லுகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நகல் என்றாலே மட்டம் என்று ஒரு நினைப்பு நமக்கு. பால் டிவி உள்ள நாடுகளுக்காகத் தைவானின் யுஎம்சி நிறுவனம் செய்த சில்லுகள் இந்த வகைக் கருவிகளில் பரவலாக இருந்தன. ஜப்பான் முறையில் ஒரு திரைக்கு 262 வரி. பால் முறையில் 312. யுஎம்சியின் பொறியாளர்கள் செய்த வேலை எளிமையானது, புத்திசாலித்தனமானது. ஜப்பான் படத்தின் 240 வரியை அப்படியே வரைந்தார்கள். கூடுதலாக வந்த 50 வரி நேரமும் கருவியைச் சும்மா இருக்கவிட்டார்கள். மத்தியச் சில்லின் வேகத்தையும் நொடிக்கு 17.7 லட்சம் துடிப்பு என்று, ஜப்பானின் 17.9 லட்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். ஜப்பான் கேசட் எதைச் செருகினாலும் பெரும்பாலும் தடுமாறாமல் ஓடியதற்கு இதுதான் காரணம். நம் டிவியில் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை தெரிந்ததும், மாரியோ கொஞ்சம் அமுக்கிவைத்தாற்போல் குள்ளமாக இருந்ததும் இதனால்தான்.

இதில் இசைக்கு நடந்தது சுவையானது. சுரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது சில்லின் துடிப்பு. பாட்டின் வேகத்தைத் தீர்மானிப்பது திரையின் எண்ணிக்கை. துடிப்பு கிட்டத்தட்ட அதே. திரை மட்டும் ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒரே கீர்த்தனையை அதே சுருதியில், காலப்பிரமாணத்தை மட்டும் இறக்கிப் பாடியதுபோல் ஆயிற்று. கோண்டோவின் துள்ளல் மெட்டு நம் வீடுகளில் சற்று ஆற அமர ஒலித்தது. அதோடு இந்தச் சில்லுகளில் இன்னொரு பிசகும் இருந்தது. ஃபாமிகாம் எழுப்பும் சதுர அலையில் நான்கு வடிவம் உண்டு. அவற்றில் 25 சதவீத அலையும் 50 சதவீத அலையும் நகல் சில்லில் இடம் மாறிப்போயிருந்தன. அசல் கருவியில் மூக்கடைத்தாற்போல் வரவேண்டிய ஒலி இங்கே உருண்டு வந்தது. உருண்டு வரவேண்டியது மூக்கடைத்து வந்தது. இன்று அசலைக் கேட்டு ‘என்னவோ மாறியிருக்கிறதே’ என்று நெற்றியைச் சுருக்குகிறவரின் காதில் கோளாறில்லை.

ஐரோப்பாவும் 50 தானே, அங்கே என்ன ஆயிற்று? அங்கே நின்டெண்டோவின் அசல் கருவியே விற்பனைக்கு வந்தது. 1987-ல் ஐரோப்பாவுக்கு வந்த மாரியோவில் ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டித் திருத்தியிருந்தார்கள், 50 திரையிலும் ஏறக்குறைய ஜப்பான் வேகம் வரும்படி. நமக்கு வந்த கேசட்டிலோ ஜப்பான் நிரல் கைபடாமல் இருந்தது. ஜப்பான் நிரல், தைவான் சில்லு, இந்திய டிவி மூன்றும் சேர்ந்த ஒரு கலவை அது. நம்மோடு அதைப் பகிர்ந்துகொண்டவர்கள் ரஷ்யச் சிறுவர்கள். அங்கே 1992 முதல் டெண்டி என்ற பெயரில் இதே வகைக் கருவி விற்பனைக்கு வந்து நாடு முழுக்கப் பரவியது.

ஆகவே, இன்று ஸ்டிக்கில் ஓடுவது திருத்தப்பட்ட வேகமில்லை, அசல் வேகம். எச்டிஎம்ஐ வழியாக வரும் படம் பெரும்பாலும் 60. நின்டெண்டோ 2016-ல் 30 விளையாட்டுகளோடு வெளியிட்ட சின்ன நினைவுப் பதிப்புக் கருவியும் ஐரோப்பா உட்பட எங்கும் 60-லேயே ஓடியது. 50-ல் பழகிய விரல் 60-ல் தடுமாறுவது இயல்பு. மாரியோவின் தாவலில் நுணுக்கம் அதிகம். ஓட்டம் எவ்வளவு வேகமோ அதற்கேற்ப எழும்பும் உயரம் மாறும்; எழும்பும்போது ஏ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை ஈர்ப்பு குறைவு, விட்டதும் அது கூடிவிடும். எந்தக் கணத்தில் விட வேண்டும் என்பதை விரல் கற்றுக்கொண்டது அறிவால் இல்லை. ஆயிரம் முறை செத்துச் செத்து. அந்தப் பாடம் 50-ன் கணக்கில் பதிந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், கொஞ்ச நாள் விடாமல் ஆடினால் கை புதுக் கணக்குக்கு வந்துவிடும்.

வேகம் பாதிக் காரணம். மீதிப் பாதி, தட்டை டிவி. பழைய குழாய் டிவி தன்னிடம் வந்த வரியை வந்த கணமே திரையில் வரைந்தது. இன்றைய டிவி முழுப் படத்தையும் வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகு காட்டுகிறது. அதற்குச் சில திரை நேரம் பிடிக்கும். நான்கு திரை தாமதம் என்று வைத்துக்கொண்டால், முழு ஓட்டத்தில் இருக்கும் மாரியோ அதற்குள் 10 புள்ளி நகர்ந்துவிட்டான். அவன் உடம்பின் அகலமே 16 புள்ளி. விளிம்பு தெரிகிறது என்று நீங்கள் அழுத்தும்போது அவன் ஏற்கெனவே குழிக்குள் கால் வைத்திருப்பான். டிவியின் அமைப்பில் ‘கேம் மோட்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் மெருகேற்றும் வேலைகள் பல நின்று தாமதம் குறையும். புகார் சொல்லும் அப்பாக்கள் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான். வாத்து சுடும் விளையாட்டின் துப்பாக்கி மட்டும் எந்த மோடிலும் வேலை செய்யாது. அது குழாய் டிவி ஒளி வீசும் விதத்தை நம்பிச் செய்த பொருள். அந்த டிவியோடு அதன் காலமும் முடிந்தது.

9999 விளையாட்டு என்று அட்டையில் அச்சடித்த கேசட்டைப் பற்றியும் பலருக்கு ஒரு மனத்தாங்கல் பாக்கி இருக்கிறது. ஏமாற்றுதான், சந்தேகமில்லை. உள்ளே வேறு வேறு விளையாட்டு என்று பார்த்தால் சிலவே தேறும். பட்டியலின் ஒவ்வொரு எண்ணும் அந்தச் சிலவற்றையே வேறு தொடக்கத்தோடு திறக்கும். மாரியோவைத் திறக்குமுன் நினைவகத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் மூன்றாம் உலகத்திலிருந்து தொடங்கும். இன்னொரு எண்ணை மாற்றினால் உயிர் கூடும். செய்தவர்கள் சோம்பேறிகள் என்றாலும் நிரலைப் பிரித்துப் படித்த சோம்பேறிகள்.

ஆனால் அசல் மாரியோவும் இதே சிக்கனத்தில் பிறந்ததுதான். மொத்த விளையாட்டும் 40 கிலோபைட்: நிரலும் ஸ்டேஜ்களும் 32, படங்கள் 8. இன்று கைபேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படம் இதைவிடப் பெரிது. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. 32 ஸ்டேஜில் 5-3, அதாவது ஐந்தாம் உலகத்தின் மூன்றாம் ஸ்டேஜ், என்பது 1-3-ன் கடினமான மறுபதிப்பு. 6-4 என்பது 1-4-ன் மறுபதிப்பு. 7-2, 7-3 இரண்டும் 2-2, 2-3 ஆகியவற்றின் மறுபதிப்பு. சிறுவனாக இருந்தபோது இவை புது இடங்களாகத் தெரிந்தன. இப்போது திரும்பப் போனால் இட்டுநிரப்பியிருப்பது தெரிகிறது. 4-4, 7-4 கோட்டைகள் சரியான வழி எது என்று ஒரு குறிப்பும் தராமல் வட்டமடிக்க வைப்பதும் நல்ல வடிவமைப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாரும் புகழும் விளையாட்டு என்பதற்காக இவற்றைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை.

புகழ வேண்டியது முதல் ஸ்டேஜ். எழுத்தில் ஒரு விளக்கமும் இல்லை, ஆங்கிலம் தெரியாத பிள்ளையும் ஆடிவிடும். தொடங்கியதும் மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெட்டவெளி. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதிரே முறைத்துக்கொண்டு ஒருவன் வருகிறான். இடித்தால் சாவு, தாவினால் பிழைப்பு. அடுத்து, மினுக்கும் கட்டையை முட்டினால் காளான் வருகிறது. முதல் எதிரியின் சாயலில் இருக்கும் அதைப் பார்த்துப் புதியவர் ஒதுங்கப் பார்ப்பார். அது குழாயில் மோதித் திரும்பி வந்து, மேலே கட்டை வரிசை இருப்பதால் தப்ப இடமில்லாமல், பெரும்பாலும் மாரியோவின் மேலேயே மோதும். அவன் வளர்வான். ஆபத்து என்று நினைத்தது வரம் என்று அந்தக் கணத்தில் தெரிந்துவிடும். அந்த இடத்தை வேண்டுமென்றே அப்படி அமைத்ததாக மியாமோட்டோவே பிற்காலப் பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். இந்தப் பாடம் 50-லும் 60-லும் ஒன்றுதான்.

கேரளத்தின் சாயங்கால லோட் ஷெடிங்கில் ஏழாம் உலகத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு ஒரு தகவலும் உண்டு. எல்லா உயிரும் போன பிறகு, தலைப்புத் திரையில் ஏ பட்டனைப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்தினால் செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். கரண்ட் போனால் இதுவும் உதவாது. அந்தக் கேசட்டில் எதையும் சேமித்து வைக்க இடமே கிடையாது.

எது உண்மையான மாரியோ என்ற கேள்வி மிஞ்சுகிறது. அசல் 60-ல் ஓடுவது, மியாமோட்டோவும் தெசுகாவும் எண்ணியது அது, இதில் சந்தேகமில்லை. அதற்காக நாம் ஆடியது பிழையான பிரதி என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவிலும் கல்ஃபிலும் ரஷ்யாவிலும் எண்ணற்ற பிள்ளைகள் அறிந்த மாரியோ 50-ல்தான் ஓடினான். விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஜப்பானையும் அமெரிக்காவையும் மட்டும் வைத்து எழுதுவதால் இந்தப் பதிப்பு கணக்கில் வராமல் கிடக்கிறது. அது தனி விளையாட்டு அனுபவமாகவே பதிவாக வேண்டும் என்பது என் கருத்து.

சட்டப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அன்றைய கேசட்டுகளைப் போலவே, இன்றைய ஸ்டிக்கில் ஆயிரக்கணக்கில் நிரப்பித் தரும் விளையாட்டுகளும் பெரும்பாலும் உரிமையாளரைக் கேட்காமல் போட்டவை. மாரியோவின் உரிமை இன்றும் நின்டெண்டோவிடம்தான் இருக்கிறது. ஸ்விட்ச் கருவிக்கான அதன் சந்தா சேவையில் இதே விளையாட்டு கிடைக்கிறது, 60-ல்.

கணினியில், பழைய கருவியைப் போலவே இயங்கிக் காட்டும் எமுலேட்டர் நிரலை வைத்து ஆடுகிறவர்கள் பழைய வேகத்தைத் திரும்பப் பெறுவது சுலபம். மேசன், எஃப்சிஇயுஎக்ஸ் போன்ற எமுலேட்டர்களின் அமைப்பில் ரீஜன் என்று ஒரு இடம் இருக்கும். அங்கே பால் என்று வைக்காதீர்கள். அது ஐரோப்பாவின் அசல் கருவியைப் பின்பற்றும், துடிப்பும் குறைந்து சுருதியே இறங்கிவிடும். டெண்டி என்று வையுங்கள். ரஷ்யக் கருவியின் பெயர்தான், ஆனால் சில்லு நம்முடைய வகை.

பரணில் அந்தப் பழைய கருவியே கிடக்கிறதா? அதன் அடாப்டர் இத்தனை வருடத்துக்குப் பிறகு நம்பத்தகுந்ததில்லை. விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் ப்ளக்கில் செருக வேண்டாம். கேசட்டை வாயால் ஊதவும் வேண்டாம். எச்சில் ஈரம் உலோகப் பின்னை அரிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். அந்த மலிவுக் கேசட்டுகளுக்குள் கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் இருக்கும் நிரல்கள் பலவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லாமல் இருக்கலாம். பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போடும் முன், பழைய விளையாட்டுகளைச் சேகரித்துப் பதிவு செய்கிறவர் யாராவது தெரிந்தால் அவரிடம் ஒருமுறை கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.